மஞ்சள் காமாலை: மருந்து கொடுக்கும் ஊருக்கா, சித்தா பிரிவுக்கா, ஆஸ்பத்திரிக்கா?

கண் மஞ்சளாகிறது. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது, மூத்திரம் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. வீட்டில் அன்றைக்கே இரண்டு கட்சி உண்டாகிவிடும். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது. அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க, மூணு நாள் வெறும் வயித்துல மருந்து, சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். "முதல்ல ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று படித்த பிள்ளைகள் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று, எங்கே போவது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்தைக் குடிப்பது என்பது இரண்டாவது கேள்வி. ஏன் மஞ்சளானது என்று தெரிந்துகொள்வது முதல் கேள்வி. அதற்கு விடை சொல்ல முடியாத இடத்தில் நோயாளியை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ரத்தத்தில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் என்ற பொருள் சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். 2, 3 என்று தாண்டும்போது கண் வெள்ளையில் மஞ்சள் தெரியத் தொடங்கும். அது ஏறுவதற்குப் பல காரணங்கள். அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ என்ற ஈரல் அழற்சிக் கிருமிகள். ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியே வரும் பி. பெரும்பாலும் ரத்தத்தின் வழியே வரும் சி. பித்தக்குழாயில் அடைத்த கல். கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய். எலிக்காய்ச்சல், மலேரியா. குடி. காசநோய்க்குத் தின்னும் மாத்திரைகள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் விழுங்கிய எலி பேஸ்ட். எல்லாவற்றிலும் கண்ணில் தெரிவது ஒரே மஞ்சள்தான்.

ஆகவே ஒவ்வோர் இடத்தையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்:

- காரணம் எது என்று கண்டுபிடிக்க அங்கே வழி இருக்கிறதா?
- ஈரல் செயலிழக்கத் தொடங்கினால் அங்கே தெரியவருமா?
- கொடுக்கும் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு என்ன சான்று?
- அந்த மருந்தோ பத்தியமோ ஈரலுக்கே கேடாக முடியுமா?
- கையில் கொடுக்கும் காசு போக, வேறு என்ன செலவு?

ஈரல் செயலிழக்கிறதா என்ற கேள்வியைப் பலர் பிலிரூபின் எண்ணை வைத்தே தீர்மானித்துக்கொள்கிறார்கள். "18 இருந்தது, 11 ஆயிடுச்சு" என்று நிம்மதி அடைகிறார்கள். பிலிரூபின் மஞ்சளின் அளவு, அவ்வளவே. ஈரலின் உயிர்ப்பைச் சொல்வது ரத்தம் உறையும் வேகம், அதை ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை காட்டும். 1-ஐ ஒட்டி இருக்க வேண்டிய அந்த எண் 1.5-ஐத் தாண்டி, கூடவே ஆள் குழம்பிப் பேசினாலோ தூக்கக் கலக்கமாகவே இருந்தாலோ, ஈரல் கைவிடுகிறது என்று பொருள். பிலிரூபின் 20 இருக்கும் இளைஞர் நன்றாகத் தேறி வீட்டுக்குப் போவதுண்டு. 8 மட்டுமே இருப்பவர் மூன்றாம் நாள் கோமாவுக்குப் போவதும் உண்டு. ஈரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. எண்ணும் இப்படி ஏமாற்றும். ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டிருக்கும்போது எஸ்.ஜி.பி.டி. திடீரெனச் சரிந்தால், ஈரலில் அழிவதற்கு இனி அதிகம் மிச்சமில்லை என்பது அதன் அர்த்தமாக இருக்கலாம். லேப் காகிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நாமே தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

## 1. காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஊர்

அநேகமாக எல்லா மாவட்டத்திலும் இப்படி ஓர் ஊர் உண்டு. தலைமுறையாகக் கொடுக்கும் குடும்பம். விடியற்காலையில் வரிசை. அரைத்த பச்சிலையைப் பாலிலோ மோரிலோ கலந்து கொடுப்பார்கள். சில இடங்களில் பணமே வாங்குவதில்லை. அந்தக் குடும்பங்களில் பலர் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். அவர்களை எல்லாம் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த ஊர்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். நம் நாட்டில் திடீர்க் காமாலைக்குப் பெருங்காரணம் ஹெபடைடிஸ் ஏ-யும் இ-யும். இரண்டும் பெரும்பாலோருக்குத் தானாகவே சில வாரங்களில் அடங்கிவிடும். 1955 டிசம்பரில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து டெல்லியில் காமாலை பரவியது. 1956 ஜனவரி வரையிலான சில வாரங்களில் சுமார் 29,300 பேருக்குக் கண் மஞ்சளானது. அது ஹெபடைடிஸ் இ என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் உறுதியானது. அந்தக் கிருமிக்கு எதிரான மருந்து அன்றைக்கு யாரிடமும் இல்லை. அப்படியிருந்தும் பெரும்பாலோர் பிழைத்து எழுந்தார்கள். அத்தனை பேருக்கும் யாராவது ஓர் உருண்டை கொடுத்திருந்தால் அந்த உருண்டைக்கு எவ்வளவு பெரிய பெயர் கிடைத்திருக்கும்!

இதில் காலக்கணக்கும் சேர்ந்துகொள்கிறது. காய்ச்சல், வாந்தி என்று சில நாள் போய், மஞ்சள் தெரிந்து, அக்கம்பக்கம் கேட்டு, ஊரைத் தேடிப் போவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். மஞ்சள் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும் நேரமும் அதுவே. மருந்து குடித்த பிறகு இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. குடிக்காமல் இருந்திருந்தாலும் இறங்கியிருக்கும் என்பதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. இறங்காதவர்கள் திரும்பி வந்து வரிசையில் நின்று சொல்வதில்லை. அவர்கள் வேறெங்கோ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்கள்.

பச்சிலையோடு நிற்காத இடங்களும் உண்டு. கையில் சாற்றைத் தேய்த்துச் சுண்ணாம்பு நீரில் கழுவச் சொல்வார்கள். தண்ணீர் மஞ்சளாகும், காமாலை இறங்கிவிட்டது என்பார்கள். மாம்பட்டைச் சாறு சுண்ணாம்பு நீரில் பட்டால் யார் கையானாலும் அந்த மஞ்சள் வரும். நோயில்லாத ஒருவரின் கையிலும் தடவிக் கழுவச் சொல்லிப் பாருங்கள். மூக்கில் காரமான சாற்றை விட்டால் வடியும் மஞ்சள் நீரும் பித்தம் அல்ல. புண்பட்ட மூக்குச் சவ்விலிருந்து கசிவது. மணிக்கட்டிலோ வயிற்றிலோ சூடு போடுவதைப் பற்றி எழுதவே மனம் பதறுகிறது. ஈரல் கெட்டவருக்கு ரத்தம் உறைவது தாமதமாகும், கிருமி எளிதில் தொற்றும். அவர் உடம்பில் தீப்புண்ணை உண்டாக்குவது எந்தக் கணக்கிலும் மருத்துவம் ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இங்கேதான் அதிகம்:

பத்தியம். உப்பில்லை, எண்ணெய் இல்லை, பருப்பில்லை, முட்டையில்லை. ஈரல் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சத்தும் புரதமும் வேண்டிய நேரத்தில் வெறும் கஞ்சியில் ஆளைக் கிடத்துகிறோம். வாந்தி, குமட்டல் இருக்கும் நாட்களில் கொழுப்பு குறைவாகச் சாப்பிடுவது சரிதான். வாரக்கணக்கில் பட்டினிக்கு நிகராக வைப்பது தவறு.

நிறுத்தச் சொல்லும் மாத்திரைகள். "இங்கிலீஷ் மருந்து எதுவும் சாப்பிடக் கூடாது" என்பது வழக்கமான நிபந்தனை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் நின்றுபோகும். காசநோய் மாத்திரையால் வந்த காமாலை என்றால் அதை உடனே நிறுத்த வேண்டியது உண்மையே; ஆனால் ஈரல் தேறியதும் எந்த மாத்திரையை எந்த வரிசையில் திரும்பத் தொடங்குவது என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ஊர் மருந்தோடு அந்தக் கதையை முடித்தவருக்குக் காசநோய் திரும்ப வரும், அப்போது பழைய மாத்திரைகளுக்கு அடங்காததாகவும் ஆகியிருக்கலாம்.

குடும்பம். வந்தது ஹெபடைடிஸ் பி என்றால் வீட்டில் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனையும் தடுப்பூசியும் வேண்டும். நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 2011-ல். அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர் போடாதவர்களே. பிரசவத்தின்போது தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் நோயாகத் தங்கிவிடும். கிருமியின் பெயரே தெரியாமல் மஞ்சள் இறங்கிய வீட்டில் இந்த எச்சரிக்கையைச் சொல்ல ஆளில்லை.

நாட்கள். கல் அடைத்த பித்தக்குழாயில் சீழ் பிடிக்கும். கணையப் புற்றுநோயில், அறுவைக்கு ஏற்ற கட்டம் கைநழுவிப் போகும். எலிக்காய்ச்சல் என்றால், பென்சிலினோ டாக்ஸிசைக்ளினோ தொடக்கத்திலேயே கொடுத்தால் காப்பாற்றக்கூடிய ஆளின் சிறுநீரகம் போகும்.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருக்கட்டும். அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாத பரம்பரை வைத்தியர்கள் மருத்துவம் பார்க்க உரிமை கோர முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஏதாவது ஆனால் அங்கே சீட்டும் இருக்காது, பதிவேடும் இருக்காது, பதில் சொல்லும் ஆளும் இருக்கமாட்டார்.

எப்போது இது சரியான தேர்வு? தேடிப் பார்த்தேன், ஒரு நிலைமையும் எனக்குத் தென்படவில்லை. பரிசோதித்து ஹெபடைடிஸ் ஏ என்று உறுதியாகி, ஐ.என்.ஆர். நன்றாக இருந்து, தேறிக்கொண்டிருப்பவர் போனால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அவருக்கு அந்தப் பயணமே தேவையில்லை.

## 2. வீட்டிலேயே கீழாநெல்லி

இதை முதல் வழியோடு ஒன்றாகச் சேர்த்து ஒதுக்குவது நியாயமில்லை. கீழாநெல்லியை விஞ்ஞானிகள் அக்கறையோடு பரிசோதித்திருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க் அதில் ஆர்வம் காட்டினார். சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் செய்த ஆய்வு 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 59 சதவீதத்தினருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்றும், வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது என்றும் அறிவித்தார்கள்.

நம் ஊர்ச் செடிக்கு உலக மேடையில் கிடைத்த அந்த இடம் யாருக்கும் பெருமை தரும். அதற்குப் பின் நடந்ததையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. மற்ற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, நம்பத்தக்க சான்று இல்லை என்று 2011-ல் முடிவு சொன்னது. இன்னொன்று: 1988 ஆய்வில் இருந்தவர்கள் கிருமியைச் சுமந்தவர்கள், திடீரென்று கண் மஞ்சளாகிப் படுத்தவர்களுக்கான ஆய்வு அது இல்லை. "லான்செட்டிலேயே வந்திருக்கு" என்று காமாலைக்கு விற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

தோட்டத்தில் பறிக்கும்போது எல்லாருக்கும் செடி சரியாகத் தெரியும் என்றும் சொல்ல முடியாது. மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி என்று ஒரே சாயலில் பல உண்டு. கடைச் சரக்கிலும் இவை கலந்து வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ச்சாத தண்ணீரில் அரைத்துக் குடித்தால் நோயைத் தந்த தண்ணீரையே மறுபடி குடிக்கிறோம். இதே சமயத்தில் வாங்கிக் கொடுக்கும் கரும்புச்சாற்றுக்கும் அதில் போடும் ஐஸுக்கும் இது பொருந்தும்.

"பச்சிலை தானே, என்ன செய்துவிடும்" என்பதற்கு ஒரு பதில். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் வீட்டுக்கு வீடு கொதித்தது. அதைக் குடித்துவந்த 6 பேருக்கு ஈரல் அழற்சி உண்டானதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து அதே மாதிரி 43 பேரின் விவரம் வந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. நோயாளிகளின் ஈரல் திசுவைப் பார்த்த மருத்துவர்களின் பதிவு எனக்கு அதைவிட நம்பகமாகப் படுகிறது.

எப்போது ஏற்கலாம்: பரிசோதனைகள் முடிந்து, சாதாரண ஹெபடைடிஸ் ஏ அல்லது இ என்று தெரிந்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, காய்ச்சி ஆறிய நீரில் கொஞ்சம் அரைத்துக் குடித்தால் நான் தடுக்கமாட்டேன். அதனால் குணமாகும் என்றும் சொல்லமாட்டேன். பாட்டியின் மனநிம்மதிக்கும் ஒரு மதிப்பு உண்டு. பரிசோதனைக்கு முந்திய நாட்களை அதற்கு விலையாகக் கொடுக்காதவரை.

## 3. அரசு சித்தா பிரிவு, பட்டம் பெற்ற சித்த மருத்துவர்

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி முதல் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் சித்தா பிரிவு வரை, இங்கே பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஊர் மருந்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். மோசமானால் அடுத்த அறைக்கே அனுப்பலாம். சீட்டு இருக்கிறது, பெயர் இருக்கிறது.

மருந்துக்கான சான்று என்ற கேள்வியில் மட்டும் இவர்களும் முன்சொன்ன இடத்திலேயே நிற்கிறார்கள். திடீர்க் காமாலையின் போக்கை மாற்றும் என்று உறுதியான ஆய்வால் நிறுவப்பட்ட சித்த மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. உலோக மருந்துகளில் கவனம் வேண்டும். லிங்கமும் வீரமும் பூரமும் பாதரசம் கொண்டவை. தாளகம் ஆர்சனிக் கொண்டது. 2008-ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அவை சித்த மருந்துகள் இல்லை என்றாலும், முறை நெருக்கமானது. ஈரல் நோயாளிக்குப் பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்து எதுவும் வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

எப்போது சரி: சாதாரணக் காமாலை என்று உறுதியானவருக்கு, அதே வளாகத்தில் லேபும் அலோபதி மருத்துவரும் இருக்கும் இடத்தில்.

## 4. ஆஸ்பத்திரி

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது" என்பதில் பாதி உண்மை. ஹெபடைடிஸ் ஏ-க்கு நேர் மருந்து இல்லை. ஓய்வு, சாப்பாடு, கண்காணிப்பு. மற்ற பாதி தவறு. சி கிருமியை 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களிடம் சில மாத மாத்திரையால் முழுவதும் நீக்கிவிடலாம். பி-யைப் பல ஆண்டுகளுக்கு அடக்கி வைக்கும் மாத்திரை உண்டு. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்லை எண்டோஸ்கோப்பி வழியே எடுக்கலாம். எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக். பாரசிட்டமால் அளவு மீறியவருக்கு நச்சுமுறி மருந்து உண்டு. வயிற்று ஸ்கேன், எல்.எஃப்.டி. என்ற ஈரல் ரத்தப் பரிசோதனை, ஐ.என்.ஆர்., ஏ, பி, சி, இ கிருமிகளுக்கான பரிசோதனை: காரணம் என்ன என்ற முதல் கேள்விக்கு விடை இந்தச் சில பரிசோதனைகளில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இங்கேயும் குறை உண்டு. தேவையில்லாத குளுக்கோஸ் பாட்டில்கள், தேவையில்லாத அட்மிஷன், பில். சீட்டில் எழுதும் 'லிவர் டானிக்' பலவும் மூலிகைச் சாறுகளே. பச்சிலைக்குக் கேட்ட சான்றை அவற்றுக்கும் கேட்க வேண்டும், கேட்டால் பதில் பலவீனமாகவே வரும். "இந்த டானிக் அவசியமா, டாக்டர்? ஐ.என்.ஆர். எவ்வளவு?" என்று கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. பணம் இடிக்கிறது என்றால் தனியார் படிக்கட்டில் தயங்கி நிற்காமல் அரசு தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேராகப் போங்கள்.

## ஒரே பார்வையில்

| | காரணம் தெரியுமா | ஆபத்து பிடிபடுமா | மருந்துக்குச் சான்று | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| மருந்து கொடுக்கும் ஊர் | தெரியாது | பிடிபடாது | இல்லை | நாட்கள், பத்தியம், நின்றுபோகும் மாத்திரைகள், குடும்பத்துக்குத் தொற்று |
| வீட்டுக் கீழாநெல்லி | தெரியாது | பிடிபடாது | ஒரு நம்பிக்கை தந்த ஆய்வு. பின்னர் உறுதியாகவில்லை | நாட்கள், தவறான செடி, அசுத்த நீர் |
| சித்தா பிரிவு | பரிசோதித்தால் தெரியும் | லேப் அருகிலிருந்தால் பிடிபடும் | உறுதியாக இல்லை | உலோக மருந்து |
| ஆஸ்பத்திரி | பெரும்பாலும் தெரியும் | பிடிபடும் | காரணத்தைப் பொறுத்து வலுவானது | தேவையற்ற டிரிப், டானிக், தனியாரில் பில் |

## ஒப்பீட்டுக்கே இடமில்லாதவர்கள்

கர்ப்பிணிகள் முதலில். ஹெபடைடிஸ் இ கடைசி மூன்று மாதத்தில் வந்தால் 100-க்கு 20 முதல் 25 தாய்மார்கள் வரை இறக்கக்கூடும். கர்ப்பிணியின் கண்ணில் மஞ்சள் தெரிந்த அன்றே மருத்துவமனை.

பச்சிளங்குழந்தை. பிறந்த முதல் வாரத்தில் மஞ்சள் பல குழந்தைகளுக்கு வந்து போகும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, கை கால் வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ தாமதிக்கக் கூடாது. அளவு மீறிய பிலிரூபின் மூளையில் படிந்தால் காது கேளாமை, கை கால் இயக்கக் கோளாறு என்று வாழ்நாள் முழுக்க நிற்கும். நீல வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் ஒன்றுக்குச் சூடு போடுவதும் உரை மருந்து புகட்டுவதும் மன்னிக்க முடியாதவை. காலை வெயிலில் காட்டுவதும் அந்த விளக்குக்கு ஈடில்லை.

இவை தவிர: குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பு மலம், வயிறு வீங்குதல், குளிரோடு காய்ச்சல், மூத்திரம் குறைதல், வெளுத்த மலத்தோடு உடம்பெல்லாம் அரிப்பு. நடுவயதுக்கு மேல் வலியே இல்லாமல் ஏறும் மஞ்சளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலி பேஸ்ட் விழுங்கியவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலவே தெரிவார், பிறகுதான் மஞ்சள் வரும். வீட்டில் சண்டை, மனவருத்தம் ஏதாவது நடந்திருந்தால் கோபமில்லாமல் தனியாகக் கேட்டு, பதிலை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆம்புலன்சுக்கு 108.

## வீட்டில் பிடிவாதமாக இருந்தால்

சண்டை போட்டு ஜெயிக்க முயல வேண்டாம். "போகலாம், போறதுக்கு முன்னாடி ரத்தம் மட்டும் கொடுத்துட்டுப் போகலாம்" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எல்.எஃப்.டி.யோடு ஐ.என்.ஆரும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். உப்பு, பருப்பு, முட்டையை நிறுத்தாதீர்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள், வீட்டில் எல்லாருக்கும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள். மது சொட்டும் கூடாது.

ஏற்கனவே மருந்து குடித்துவிட்டீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்ற பயத்தில் மறைத்தால், மருந்தால் வந்த ஈரல் கேட்டை அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். என்றைக்கு, எத்தனை வேளை, எதில் கலந்து என்று ஒரு தாளில் எழுதி, மிச்சமிருக்கும் பொடியையோ உருண்டையையோ பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு போங்கள்.